நாற்பத்து மூன்று புகை

கோட்டையிலிருந்து ஆள் வந்து வீடு எண்ணினால் எதையோ கொடுக்கப் போகிறார்கள், இல்லையென்றால் எதையோ பிடுங்கப் போகிறார்கள். இரண்டில் எது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. மேட்டுக்குப்பத்தைப் பிடித்த சனி அதுதான்.

அந்த வைகாசிக் காலையில் துபாஷி சம்பந்தம் தோணியை விட்டு இறங்கி, வேட்டியைச் சேறு படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்க குப்பத்துல எத்தனை வீடுப்பா?" என்று கேட்டார். துபாஷி என்றால் கோட்டையில் இருக்கும் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், சொல்வதைத் தமிழில் சொல்லி, தமிழர் அழுவதை ஒல்லாந்து பாஷையில் சொல்கிறவர். இரண்டாவது வேலையை அவர் ஒழுங்காகச் செய்தாரா என்று சரிபார்க்க யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது.

கேள்வி வந்தது குப்பத்துத் தலைவரான நாட்டார் துளசிங்கத்திடம். அவர் உடனே வாய் திறக்கவில்லை. குப்பத்தில் யாரும் வீட்டை எண்ணுவதில்லை, தலைக்கட்டைத்தான் எண்ணுவார்கள். கல்யாணமாகி வலை போடுகிற ஆம்பிளை உள்ள குடும்பம் ஒரு தலைக்கட்டு. கோயில் வரியும் அந்தக் கணக்கு, ஏரியில் மீன் பங்கும் அந்தக் கணக்கு. அப்படிப் பார்த்தால் முப்பத்தெட்டு.

ஆனால் துளசிங்கத்தின் மனசில் ஒரு முள் கிடந்தது. இரண்டு வருஷம் முன்னால் புயல் அடித்தபோது கோட்டை இரக்கப்பட்டு வீட்டுக்கு இரண்டு படி நொய் கொடுத்தது. அன்றைக்கும் இதே துபாஷி கேட்டார், இவரும் வழக்கப்படி முப்பத்தெட்டு என்று சொல்லித் தொலைத்தார். தலைக்கட்டில் சேராத ஐந்து வீட்டுக்கு ஒரு பிடி நொய் போய்ச் சேரவில்லை. அந்த ஐந்தில் ஒன்று ராஜாத்தியின் வீடு. அந்தப் புயலில்தான் அவள் புருஷன் வேலு கடலோடு போனான். புருஷனும் போய், பானையிலும் ஒன்றும் இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்ததை துளசிங்கம் பார்த்தவர். பார்த்ததை மறக்க முடியாத மனுஷன்.

"வூட்ட எண்ணாதீங்க ஐயா. புகைய எண்ணிக்கோங்க. அடுப்பு எரியிற எடம் நாப்பத்திமூணு கீது" என்றார்.

சம்பந்தம் எழுதிக்கொண்டார். இறால் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கப் போன ராஜாத்தியின் காதில் அது விழுந்தது. இரண்டு வருஷமாக ஊர்க் கணக்கில் அவள் வீடு வந்ததில்லை. கோயில் வரி கேட்டு யாரும் வாசலில் நிற்பதில்லை. வரி கேட்காமல் விட்டால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கேட்காமல் விட்டால் நீ ஊரில் இல்லை என்று அர்த்தம். அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் குனிந்து சேற்றைத் தடவி இறால் பிடித்தபோதெல்லாம், "நாப்பத்திமூணு" என்று அவள் தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் மாமனார் குப்பனிடம் சொன்னாள். குப்பனுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"கோட்டக்காரன் எண்ணிகினு போனானா? அப்ப எதுக்கும் பானைய ஒளிச்சு வையி" என்றார் கிழவர்.

"உன் வாயில நல்லதே வராதா மாமா?"

"வந்தா நானே பயந்துடுவேன்."

அவர் பேசுவது அப்படித்தான் இருக்கும். ஆனால் மருமகளுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது பாடு. கடல் ஏரிக்குள் நுழைகிற முகத்துவாரத்தில்தான் மீனும் இறாலும் வந்து போகும். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் ஆடி மாசம் எல்லையம்மன் கோயிலில் தலைக்கட்டுக்கு ஓர் ஓலை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். யார் ஓலை எப்போது வருகிறதோ அந்த வரிசையில் ஆளுக்கு ஒரு நாள், சுற்று முடிந்ததும் மறுபடி முதல் ஆளிலிருந்து. அந்த நாளில் அந்தத் தண்ணீர் அவனுக்கு. வேறு எவனும் வலையை நனைக்க மாட்டான். அதற்குப் பெயர்தான் பாடு. வேலு இருந்தவரை அவன் ஓலை குடத்தில் விழுந்தது. அவன் போனதும் ஓலையும் போயிற்று. குப்பனாவது பெயருக்கு நிற்கலாமே என்றால், அவர் மகன் கல்யாணத்தன்றே தலைக்கட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் குப்பத்தில் கிடையாது. பாடு இருந்தால் வலை போட ஒருவனைப் பிடித்துப் பாதிக்குப் பாதி பேசிக்கொள்ளலாம், வருஷம் ஓடிவிடும். பாடு இல்லாததால்தான் ராஜாத்தி விடிந்ததும் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் நண்டு கடித்த தழும்பு.

பதினைந்து நாள் கழித்துச் சம்பந்தம் மறுபடி வந்தார். தண்டோரா போட்டுக் குப்பத்தைக் கூட்டினார்கள். நொய்தான் என்று நம்பி அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் முறத்தோடு வந்து முன்னால் நின்றார்கள். ராஜாத்தி முறத்தோடு ஒரு குண்டானும் கொண்டுவந்திருந்தாள்.

சம்பந்தம் காகிதத்தைப் பிரித்துப் படித்தார். முகத்துவாரம் மணல் மூடிக்கிடக்கிறது. வருகிற ஆனி அமாவாசைக்குள் ஒரு வாட்டி அதைத் தோண்டித் திறந்துவிட்டால் போதும். இரண்டு படகு பக்கம் பக்கமாகப் போகும் அகலம், ஆள் நெஞ்சளவு ஆழம். மேட்டுக்குப்பத்திலிருந்து புகைக்கு ஓர் ஆள், நாற்பத்து மூன்று ஆள். குறைகிற ஒவ்வோர் ஆளுக்கும் குப்பத்துத் தோணி ஒன்று பிடிக்கப்பட்டுக் கோட்டைத் துறையில் கட்டி வைக்கப்படும்.

முன்னால் நின்ற பெண்கள் திரும்பித் துளசிங்கத்தைப் பார்த்தார்கள்.

"கூலி எவ்ளோங்க ஐயா?" என்று கேட்டார் துளசிங்கம்.

"கூலியா? யார் ஏரி அது? உங்க ஏரி. திறந்தா யாருக்கு மீன் வரும்? உங்களுக்கு. உங்க வீட்டு வாசலைப் பெருக்கக் கூலி கேப்பீங்களா?"

"கஞ்சியாச்சும்?"

"அதப் பத்தி இதுல எழுதல."

"மம்முட்டி, கூடையாச்சும்?"

சம்பந்தம் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "அதுவும் எழுதல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதப் பாரு துளசிங்கம். இது நான் எழுதினதில்ல. கோட்டைத் துரை எழுதினதும் இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம் மேலிடத்துல எழுதினது. சரக்குப் படகு வருஷம் பூரா ஏரிக்குள்ள வந்து போகணுமாம். செய்யின்னு எழுதினவங்க செலவுக்கு ஒரு பணம் அனுப்பல. துரையே தலையச் சொறிஞ்சுக்கிட்டு இருக்காரு."

வெறும் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எத்தனை அவமானம் என்று நின்றவளுக்குத்தான் தெரியும். ராஜாத்தி முறத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் குப்பன் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே! கோட்டக்காரனுக்கு நெய்யி நம்மளுது, போவட்டும். கையும் நம்மளுதா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் கோயிலில் பஞ்சாயத்து கூடியது. முப்பத்தெட்டுத் தலைக்கட்டுக்கு முப்பத்தெட்டு ஆள் சரி. மீதி ஐந்து? ஐந்து தோணி போனால் இருபது பேர் பிழைப்பு போகும். வாட்டசாட்டமான நாகப்பன் எழுந்து, "அவங்க அவங்க அடுப்புக்கு அவங்க அவங்கதான் வரணும். நான் ஒருத்தன் ரெண்டு ஆளா ஆவ முடியுமா?" என்று கேட்டான். நாலு பேர் ஆமாம் என்றார்கள்.

பெண்கள் பஞ்சாயத்தில் பேசுவது வழக்கமில்லை. ராஜாத்தி எழுந்து பேசினாள்.

"வரேன். கூடைய தூக்குறேன். கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க நாட்டாரே. மண்ணு அள்ள மட்டும் என் அடுப்பு கண்ணுக்குத் தெரியுதா? மீனு பங்கு போடறப்போ எங்க போச்சு அந்தக் கண்ணு?"

சலசலவென்று சத்தம் எழுந்தது. ஐந்து ஓலை கூடினால் ஒவ்வொருவன் முறையும் ஐந்து நாள் தள்ளிப்போகும். அதுதான் அவர்களுக்கு வலி. ஆனால் தோணி போகிற வலி அதைவிடப் பெரிசு. துளசிங்கம் கையை உயர்த்தினார்.

"அவ கேக்குறதுல தப்பு இன்னா கீது? எண்ணினவன் நானு. அம்மன் முன்னாடி சொல்றேன். மண்ணுக்கு வந்த அடுப்பு பாட்டுக்கும் வரும். வர்ற ஆடியில நாப்பத்திமூணு ஓல."

அதோடு விடவில்லை அவர். மண் அள்ளுவதையும் பாடு மாதிரியே பிரித்தார். இன்றைக்கு யார் வெட்டுவது, யார் சுமப்பது, யார் கரை கட்டுவது என்று ஓலை போட்டுக் குலுக்கி முறை வைத்தார். இந்தக் குப்பத்துக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். எந்தக் கஷ்டம் வந்தாலும் குடத்தில் போட்டுக் குலுக்கிச் சமமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். அந்தக் கஷ்டத்தையே ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றாது.

பத்தொன்பது நாள் தோண்டினார்கள். அந்தப் பத்தொன்பது நாளைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு வயிறு எரிகிறது. காலையில் வெட்டிய குழியில் பாதியை மத்தியானம் கடல் ஏறி மூடிவிடும். மறுநாள் அதே மணலை அதே கூடையில் அள்ள வேண்டும். ஆனி வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது. ராஜாத்தி முதல் நாள் பனையோலையைக் காலில் கட்டிக்கொண்டு போனாள், ஈரத்தில் அது பிய்ந்து போனது. சும்மாடு நழுவி, கூடைத் தண்ணீர் முகத்தில் வழிந்து கண் இரண்டும் சிவந்து கிடந்தன. இறால் தடவப் போக நேரமில்லை. மூன்றாம் நாளே பானை காலி. கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்த செப்புக் குடம் பொன்னேரிச் சந்தைக்குப் போய்க் கேழ்வரகாகத் திரும்பி வந்தது. அதையும் கூழாகக் கரைத்துக் கரைத்து, கடைசியில் கூழா தண்ணீரா என்று குப்பனே கேட்கவில்லை. அவர் கேலி பேசாமல் இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மாமா, எதுனா திட்டு மாமா" என்றாள் ஒரு நாள்.

"தெம்பு வரட்டும்" என்றார்.

நாகப்பன் மட்டும் கொஞ்சம் மாறினான். அவள் கூடையைப் பாதிதான் நிரப்புவான். யாராவது முறைத்தால், "ஓட்டக் கூடை, ரொப்பினா கீய வுழும்" என்பான். பாடு வந்தால் அவளுக்கு வலை போட்டுத் தருவதாகவும் ஒத்துக்கொண்டான். பாதிக்குப் பாதி.

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் கடைசி மண்மேட்டை வெட்டினார்கள். கடல் தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே பாய்ந்தது, அதோடு மடவை மீன் துள்ளித் துள்ளி வந்தது. கிழவன் குமரன் என்றில்லாமல் எல்லாரும் கூவினார்கள். ராஜாத்தி இடுப்புத் தண்ணீரில் நின்று அழுதாள். சந்தோஷமா அசதியா என்று அவளுக்கே தெரியவில்லை. கோட்டையிலிருந்து வெள்ளைக்காரன் ஒருவன் படகில் வந்து கோலை விட்டு ஆழம் பார்த்தான். ஏதோ சொன்னான். சம்பந்தம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"மத்த குப்பமெல்லாம் அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. நீங்க மட்டும் சத்தமே இல்லாம முடிச்சிட்டீங்க. துரைக்கு ரொம்பத் திருப்தி" என்றார்.

துளசிங்கம் கூச்சத்தோடு சிரித்தார். பாவி மனுஷன், பெருமைப்பட்டார்.

ஆடி பிறந்தது. ஓலை போடும் நாளில் நாலு பேர் முணுமுணுத்துப் பார்த்தார்கள். துளசிங்கம் அசையவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று நாற்பத்து மூன்று ஓலையையும் எல்லார் முன்னாலும் எண்ணிக் குடத்தில் போட்டார். பூசாரி கையை விட்டு எடுத்த முதல் ஓலையைப் படித்தார். "வேலு வூட்டு ராஜாத்தி."

முதல் பாடு! முகத்துவாரத்தின் கழுத்திலேயே, புதுத் தண்ணீர் ஏறுகிற நாளில்! தோண்டித் திறந்த பிறகு அங்கே வலை கட்டுகிற முதல் ஆள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. குப்பன் படுத்த இடத்திலிருந்தே மகனின் வலையை இழுத்துப் போட்டுப் பொத்தல் அடைத்தார். "எம் புள்ள உன்னக் கட்டிகினு வந்தப்போ இவ எதுக்கு ஆவப் போறான்னு நெனச்சேன்டி" என்றார். திட்டுகிற தெம்பு வந்துவிட்டது என்று அவள் நிம்மதிப்பட்டாள். நாகப்பன் வலை கட்டச் சவுக்குக் கழி பத்து வெட்டி வந்து கரையில் அடுக்கினான்.

அவள் நாள் வந்தது. கடல் ஏறத் தொடங்கும் நேரம். நாகப்பன் தண்ணீரில் இறங்கி முதல் கழியை ஊன்றினான். இரண்டாவது கழியை ஊன்றும்போது கோட்டைப் படகு வந்தது. சம்பந்தம் எழுந்து நின்று கையை ஆட்டினார்.

"பிடுங்கு, பிடுங்கு! யார்ரா இங்க கழி நடச் சொன்னது?"

"பாடுங்க ஐயா. எங்க பாடு இன்னிக்கி" என்றாள் ராஜாத்தி கரையிலிருந்து.

"பாடெல்லாம் இனிமே இங்க இல்ல. சரக்குப் படகு போற வழியில கழி நட்டா முட்டிக்கும். முகத்துவாரத்துல வலை கட்டக் கூடாதுன்னு உத்தரவு. கட்டினா அறுத்துடுவாங்க."

"தோண்டினது நாங்க ஐயா!"

"தோண்டினதாலதான்மா படகு போகுது."

எரிகிற வீட்டில் பிடுங்குகிறவனைத் திட்டலாம். இந்த மனுஷன் மூக்கைச் சிந்திக்கொண்டு, வருத்தமாக, உள்ளதைச் சொன்னார். அவரை என்ன சொல்லித் திட்டுவது? இதற்குள் துளசிங்கம் ஓடிவந்துவிட்டார். சம்பந்தம் அவரிடம் இன்னொன்றும் சொன்னார். முகத்துவாரம் மூடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இனி வருஷா வருஷம் மேட்டுக்குப்பத்துடையது. நாற்பத்து மூன்று ஆள், ஆனி மாசம்.

"ஒரு வாட்டின்னு சொன்னீங்களே ஐயா?" என்றார் துளசிங்கம்.

"ஒரு வாட்டி செஞ்சு காட்டினீங்க இல்ல? கூலி இல்லாம, சண்டை இல்லாம. மேலிடத்துக்கு எழுதிட்டாங்க. இப்ப அது மாமூல் வழக்கம் ஆயிடுச்சு."

நாகப்பன் இரண்டு கழியையும் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான். அவள் முகத்தைப் பார்க்காமல் போனான்.

பாடு முழுக்க ஏரியின் தென்பக்கத்து ஆழமில்லாத இடத்துக்குத் தள்ளப்பட்டது. அங்கே வலைக்கு இடம் குறைவு, மீனும் குறைவு. பஞ்சாயத்து மறுபடி கூடியது. பெண்களைக் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் துளசிங்கம் ராஜாத்தி வீட்டுக்கு வந்தார். தனியாக வரத் தைரியமில்லாமல் பெண்சாதி முத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ராஜாத்தி... இருக்குற எடத்துல நாப்பத்திமூணு பேருக்குப் பாடு தாங்காதுன்னு சொல்லிட்டாங்க. நான் ஒத்தையா நின்னு கத்தினேன், சத்தியமா கத்தினேன். கேக்கல. பழையபடி முப்பத்தெட்டு ஓலதானாம்."

"அம்மன் முன்னாடி சொன்னியே."

"சொன்னேன்."

"செரி. மண்ணு அள்ள?"

துளசிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து குப்பன் கத்தினார்: "நாப்பத்திமூணுதான்! சொல்லேன்டா, வாயில இன்னா கொழுக்கட்டையா?"

ராஜாத்தி உள்ளே போனாள். மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்தாள். அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு, உலக்கையை ஓங்கி அடுப்பின் மேல் போட்டாள். முதல் அடியிலேயே ஒரு பக்கம் பிளந்தது. அவள் கையால் மண் குழைத்துப் போட்ட அடுப்பு, வெள்ளிக்கிழமை தவறாமல் மெழுகிக் கோலம் போட்ட அடுப்பு. "ஐயோ, இன்னாடி இது! எரியிற அடுப்ப இடிக்கிறியே, குடும்பத்துக்கு ஆவுமா?" என்று முத்தம்மாள் அலறினாள். ராஜாத்தி இரண்டாவது அடி போட்டாள், மூன்றாவது போட்டாள். நெருப்பு சிதறியது, கூழைக் கொட்டி அதை அணைத்தாள். நாலு வேளைக்கு வைத்திருந்த கூழ் அது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இங்க இனிமே புகை வராது. நானும் மாமாவும் ஆரம்பாக்கம் போறோம். எங்க அக்கா வூட்டாண்ட நடவுக்கு ஆள் தேடறாங்க, கூலி நெல்லு குடுப்பாங்க. நீ போயி உன் துபாஷியாண்ட சொல்லு, நாப்பத்திரெண்டுன்னு."

துளசிங்கம் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நேத்தே கேட்டுட்டேன்டி. ஓல போட்டப்புறம் காளியப்பன் கெழவன் செத்து அவன் அடுப்பு அணைஞ்சுதே, அதுக்காவக் கேட்டேன். கோட்ட ஏட்டுல நாப்பத்திமூணுன்னு ஏறிடுச்சாம். அடுப்பு கொறஞ்சாலும் ஆளு கொறயக் கூடாதாம்."

ராஜாத்தி வாசல் ஓரம் கிடந்த மண் கூடையை எடுத்தாள். பத்தொன்பது நாள் சுமந்து அடி தேய்ந்த கூடை. அதை துளசிங்கத்தின் காலடியில் வைத்தாள்.

"அப்ப இத தூக்க யாருனா ஒருத்தர் வேணுமே" என்றாள்.

துளசிங்கம் கூடையைப் பார்த்தார். பிறகு மெல்ல, பக்கத்தில் நின்ற பெண்சாதி பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்கு என்னப் பாக்குற?" என்றாள் முத்தம்மாள்.